தீயில் விழுந்த மிக்ஸி

2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தில் ஒரு பாட்டின் நடுவே, அரசு கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் மக்கள் தூக்கிவந்து எரியும் நெருப்பில் வீசுவார்கள். இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸே அந்தக் காட்சியில் வந்து ஒரு பொருளை வீசிவிட்டுப் போவார். ஆளுங்கட்சிக்காரர்கள் தியேட்டர் வாசலில் பேனர்களைக் கிழித்தார்கள், அமைச்சர்கள் கண்டித்தார்கள், சில நாட்களிலேயே காட்சி வெட்டப்பட்டது. பதிலுக்கு ரசிகர்கள் சிலர் தங்கள் வீட்டில் இருந்த அரசுப் பொருள்களைப் போட்டு உடைத்து வீடியோ எடுத்தார்கள். கருத்துச் சுதந்திரமா, மறைந்த தலைவியை அவமதிப்பதா, இலவசம் நல்லதா கெட்டதா என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. உடைபட்ட அந்த மிக்ஸியில் மறுநாள் காலை சட்னி அரைக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். தன் பெயரில் வந்த அரசு கிரைண்டரோடு, நாத்தனார் உபயோகிக்காமல் பரணில் போட்டுவைத்திருந்ததையும் வாங்கிவந்து, இரண்டையும் வைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தார். அந்தக் காட்சியைப் பற்றி அவரிடம் ஒருமுறை கேட்டேன். “மோட்டாரு நல்லாத்தானே இருந்திருக்கும், எங்கிட்டக் குடுத்திருந்தா எடுத்துக்கிட்டிருப்பேனே” என்றார். நான் படித்த வரையில் ‘சர்கார்’ பற்றி வந்த விமர்சனங்களில் இவ்வளவு சரியான ஒரு வரி இல்லை.

அந்தத் தீயில் எரிந்தது ஓட்டுக்கான லஞ்சம் என்று படம் நம்மை நினைக்கச் சொல்கிறது. நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். சமையல் வேலை என்பது வேலையே இல்லை, அதற்கு இயந்திரம் எதற்கு என்ற பழைய எண்ணம் அதற்குள் இருக்கிறது. 2011 தேர்தலில் தி.மு.க. மிக்ஸி அல்லது கிரைண்டர் தருவதாகச் சொன்னது, அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் தருவதாகச் சொல்லி ஜெயித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் திட்டம் தொடங்கியது. ‘இலவசம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘விலையில்லா’ என்றது அரசு. இந்த வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தபோது, தேர்தல் அறிக்கையில் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. ஆனால் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. விவாதம் முழுக்க ‘வாக்காளர்’ என்ற பால் தெரியாத ஒரு ஆளைச் சுற்றியே நடந்தது.

எங்கள் பக்கத்தில் அந்த ஆளுக்குப் பால் உண்டு. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிலக்காரர்கள், “எல்லாத்தையும் சும்மா குடுத்துப் பொம்பளைங்களைச் சோம்பேறியாக்கிட்டான்” என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள் நான். டிராக்டர் வந்ததால் உழவன் சோம்பேறியானான் என்றோ, அறுவடை இயந்திரம் வந்ததால் மிராசுதார் சோம்பேறியானார் என்றோ அந்தக் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆண் கைக்கு வரும் இயந்திரத்துக்கு வளர்ச்சி என்று பெயர். பெண் கைக்கு வருவதற்குச் சோம்பல்.

படம் வெளியாகிப் பத்து நாளில், நவம்பர் 16 விடிவதற்குள், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த அம்மி திரும்ப அடுப்படிக்கு வந்தது; பாசி பிடித்த ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். நாற்பது வயதுக்குக் கீழே இருந்த பெண்களில் பலருக்குக் குழவியைப் பிடிக்கவே தெரியவில்லை. மிக்ஸி நமக்கு என்ன செய்துவந்தது என்பதை அது இல்லாத அந்த நாட்கள் தோள்பட்டைக்குச் சொல்லிக்கொடுத்தன. அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பல ஊர்களில் தெருமுனையில் அடுப்பு மூட்டிப் பொதுவில் சமைத்தார்கள். ஆண்கள் விறகு பிளந்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், பெரிய அண்டாவில் சோறு கிளறினார்கள். மின்சாரம் வந்த அன்று அந்த அடுப்புகள் அணைந்தன. அவரவர் அடுப்படிக்கு அவரவர் வீட்டுப் பெண்கள் திரும்பினார்கள். இயந்திரம் இல்லாதபோது பகிர முடிந்த வேலை, இயந்திரம் உயிர்பெற்றதும் ஏன் ஒருத்தியுடையதாகச் சுருங்குகிறது?

இதற்குப் பதில் தேட நெல்லிலிருந்து தொடங்குவது நல்லது; இது நெல் தின்னும் ஊர். தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் ரயில் பாதைகள் நீடாமங்கலத்தில்தான் கூடுகின்றன. நெல்லும் அரிசியும் ஏற்றிய வேகன்களுக்காக மூடிக்கிடக்கும் ரயில்வே கேட் இந்த ஊருக்குப் பேர்போன சங்கடம். அந்த வேகனில் ஏறும் அரிசிக்குப் பின்னால் ஒரு காலத்தில் முழுக்கப் பெண்களின் கைதான் இருந்தது. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் காயவைத்து, காக்கையும் கோழியும் விரட்டி, காலால் துழாவி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, நொய் வேறு தவிடு வேறாகப் பிரித்து எடுத்தால்தான் ஒரு நாள் சோற்றுக்கு அரிசி. என் அப்பாயியின் உள்ளங்கையில் உலக்கை காய்த்த தடம், அவர் உலக்கையை விட்டு நாற்பது வருடம் ஆன பிறகும் இருந்தது. அவர் தன் வீட்டு நெல்லைக் குத்தியவர். மிராசுதார் வீடுகளில் குத்தியவர்கள் சேரியிலிருந்து வந்த பெண்கள். கொல்லைப்புறம் வரைக்கும்தான் அவர்கள் வரலாம். அவர்கள் குத்திய அரிசி சமையலறைக்குள் போகும். அவர்கள் போக முடியாது.

இந்த ஊரைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் விட முடியாது. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தலித்துகளை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். அந்தக் கொடுமையையும் அதைத் திராவிட இயக்கம் வெளிக்கொண்டுவந்ததையும் ஆ. திருநீலகண்டன் தனிநூலாகவே எழுதியிருக்கிறார். நமது சமையலறை ஆண்–பெண் என்ற ஒரே கோட்டில் பிரிந்திருந்த இடமல்ல. ‘பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது’ என்று எதைப் பற்றிச் சொன்னாலும், எந்தப் பெண்ணின் நேரம், யாருடைய உடம்பைக் கொண்டு ஏற்கெனவே மிச்சமாகியிருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிராசுதார் வீட்டு அம்மாவுக்கு மிக்ஸிக்கு முன்பே மிக்ஸி இருந்தது. அதற்குக் கூலி கொஞ்சம் நொய்யும் தவிடும்.

பிறகு ரைஸ்மில் வந்தது. இந்த வட்டாரத்துப் பெண்களின் உடலுழைப்பில் கை வைத்த முதல் பெரிய இயந்திரம் அதுதான். வீட்டுப் பெண்களின் தோளுக்கு அது விடுதலை. குத்திப் பிழைத்த பெண்களுக்கு அது வேலையிழப்பு. இந்த இரண்டாவது பக்கத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியோடு சேர்ந்து அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய அவர், மில் அரிசியில் சத்து போய்விடுகிறது, கிராமத்தின் வேலை போய்விடுகிறது என்று கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். தீட்டித் தீட்டித் தவிட்டை நீக்கினால் பி1 வைட்டமின் போய் பெரிபெரி வரும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. கைக்குத்தல் தொழிலைக் காப்பாற்ற 1958இல் மத்திய அரசு அரிசி ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. குமரப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. இயந்திரத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்டவர் அவர். ஆனாலும் அந்த வாதத்தில் உலக்கை பிடிப்பவளின் தோள் வலி எங்கே என்று தேடினால், வேலைவாய்ப்பு என்ற சொல்லுக்குள் அது மறைந்துவிடுகிறது. குத்துவது அவளுக்குப் பிடித்திருந்ததா, நல்ல கூலி கிடைத்தால் வேறு எதைத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்பதை அவளிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்த இயந்திரங்களின் கதை வேறு. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் சுழலவைத்தார். கோவை வெட்கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1960களில் வந்த சுமீத் மிக்ஸிக்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள்: மனைவியின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரவையைத் தாங்காமல் பழுதாக, பொறியாளரான சத்யபிரகாஷ் மாத்தூர் நம் மசாலாவைத் தாங்கும் மோட்டாரை வடிவமைத்தார் என்று. இந்தக் கதையில் மனைவி பிரச்சினையோடு வருகிறாள், கணவன் தீர்வோடு வருகிறான். எண்பதுகளில் பிரெஸ்டீஜ் குக்கர் விளம்பரமும் இதையே வேறு மாதிரிச் சொன்னது: மனைவி மேல் பாசமுள்ளவன் எப்படி இந்தக் குக்கரை வேண்டாம் என்பான்? பாசமுள்ளவன் பாத்திரம் வாங்கித் தருகிறான். அதை அடுப்பில் ஏற்றி, மூன்று விசில் எண்ணி, இறக்கி, கழுவிக் கவிழ்ப்பது பற்றி விளம்பரத்துக்குக் கவலை இல்லை.

மேலைநாட்டுப் பெண்ணியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் வேலைக்குப் போகாத இல்லத்தரசி 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தாள், 1960களில் சுமார் 55 மணி நேரம் செய்தாள் என்று ஜோன் வானெக் 1974இல் காட்டினார். இடையில் வாஷிங்மெஷின், ஃபிரிட்ஜ், வேக்குவம் கிளீனர் எல்லாம் வந்திருந்தன. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வந்த தன் நூலில் காரணம் சொன்னார்: இயந்திரங்கள் முதலில் எடுத்துக்கொண்டது விறகு வெட்டுவது, தானியம் அரைக்கக் கொண்டுபோவது போன்ற ஆண்களின், பிள்ளைகளின் வேலையை, பெண்ணின் வேலை நின்றது, அதன் தரத்துக்கான எதிர்பார்ப்பு மட்டும் ஏறியது.

நம் மாணவிகள் பலர் இந்த வாதத்தை அப்படியே எடுத்துவந்து ‘இயந்திரம் பெண்ணை ஏமாற்றியது’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. காவிரிக் கரையில் விறகு பொறுக்கியது பெண், குத்தியது பெண், அரைத்தது பெண், குடத்தில் தண்ணீர் சுமந்தது பெண். ஆணிடமிருந்து எடுத்துக்கொள்ள அடுப்படியில் எதுவும் இல்லை. ஆகவே இங்கே வந்த ஒவ்வொரு இயந்திரமும் நிஜமாகவே ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு வலியை எடுத்தது. ஒரு வீட்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் குனிந்து ஆட்டியவளுக்கு, கிரைண்டரைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் ஏமாற்று வேலை அல்ல. அரசு கிரைண்டரைக் கேலி செய்பவர்களிடமும், எல்லாச் சாதனங்களையும் முதலாளித்துவச் சூது என்று ஒரே அடியாகத் தள்ளும் தோழர்களிடமும் நான் சண்டைக்கு நிற்கும் இடம் இதுதான்.

ஆனால் கோவன் சொன்னதில் எதிர்பார்ப்பு ஏறியது என்ற பாதி இங்கேயும் நடந்தது. ஆட்டுக்கல் காலத்தில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். அன்றாடம் காலையில் பழைய சோறும் ஊறுகாயும்தான். கிரைண்டர் வந்ததும் இட்லி, தோசை தினப்படி ஆனது. மிக்ஸி வந்ததும் ஒரு சட்னி போதாது, இரண்டு வேண்டும். குக்கர் வந்ததும் பிள்ளைக்கு ஒரு டிபன்பாக்ஸ், கணவனுக்கு ஒன்று, இரண்டிலும் வேறு வேறு சாதம். மிச்சமான ஒரு மணி நேரத்தை வீடு தட்டில் வைத்துத் தின்றது. 2019இல் எடுத்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஏதாவது செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஸ்விட்ச் போடப் பலம் தேவையில்லை. இருந்தும் அந்த விரல் பெண்ணுடையதாகவே இருக்கிறது.

ஸ்விட்ச் போடவும் சிலர் விடுவதில்லை. ஜியோ பேபி இயக்கி 2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தில் அந்த வீட்டில் மிக்ஸி, குக்கர், வாஷிங்மெஷின் எல்லாம் இருக்கும். மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வேக வேண்டும், சட்னி அம்மியில் அரைக்க வேண்டும், அவர் துணியைக் கையால் துவைக்க வேண்டும். குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடுதான் அவர் இதைச் சொல்வார். சமையலறைத் தொட்டியின் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். பிளம்பரைக் கூப்பிடக் கணவனுக்கு நேரம் வராது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாதனத்தின் அரசியல் முழுதும் தெரிகிறது: எதை உபயோகிக்கலாம் என்று தீர்மானிப்பதும், பழுதானால் எப்போது சரிசெய்வது என்று தீர்மானிப்பதும் அடுப்படிக்கு வெளியே இருக்கும் ஒரு ஆள். 2023இல் தமிழில் மறுபடி எடுத்தபோது எனக்குத் தெரிந்த சில ஆண்கள் “இதெல்லாம் கேரளாவுல” என்றார்கள். தஞ்சாவூர்–திருவாரூர் சாலையோரம் ‘விறகடுப்புச் சமையல்’, ‘அம்மி மசாலா’ என்று போர்டு வைத்த கடைகளில் அவர்கள் ஆசையாகச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புகையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க அவர்களுக்குத் தோன்றியதில்லை.

இந்த ருசி ஏக்கத்தின் இன்னொரு வடிவம் எனக்கு வேண்டியவர்களிடமே இருப்பதால் அதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். நம்மாழ்வாரும் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமனும் இந்த மண்ணுக்குச் செய்தது பெரிய காரியம். நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் இன்று விதையாக இருப்பதற்கு ஜெயராமனின் உழைப்பு ஒரு காரணம். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். பொன்னி வேகும் நேரத்தில் அது வேகாது. அதிகத் தண்ணீர், அதிக கேஸ், அதிக நேரம் கேட்கும். அந்த அரிசியைத் தின்றுவிட்டு மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கினான் என்று கதை சொல்கிறோம். அதை ஊறவைத்து வேகவைத்தவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது கதையில் இல்லை. நெல் திருவிழாக்களில் ஆண்கள் மைக்கில் விதையைப் பற்றிப் பேசுகிறார்கள். வாங்கிப்போகும் அரிசியை இனி வீட்டில் தாங்களே வேகவைப்பதாகவும் அந்த மைக்கிலேயே ஒருவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீடு எவ்வளவு பெரிதானாலும் சமையலறை மூலையில்தான் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது. மூலைக்குள் கொண்டுபோய் வைக்கும் எந்தச் சாதனமும் மூலையை வசதியாக்குமே தவிர, அவளை அங்கிருந்து வெளியே கூப்பிடாது. நெல் குத்துவது ஊர் மில்லுக்குப் போனபோது வீட்டுப் பெண்ணின் கடமைப் பட்டியலிலிருந்தே அது நீங்கியது. இன்று எந்த மாமியாரும் மருமகளுக்கு நெல் குத்தத் தெரியுமா என்று கேட்பதில்லை. அரைப்பது கிரைண்டராக வீட்டுக்குள் வந்ததால் கடமை அப்படியே இருக்கிறது. அதனால்தான் நான் எங்கள் தெரு அக்காவின் பாக்கெட் மாவை, அதன் புளிப்பைப் பற்றி எத்தனை பேர் குறை சொன்னாலும், மிக்ஸியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

அந்த வரிசையில்தான் காலை உணவுத் திட்டத்தையும் வைக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத திருக்குவளையில் மாநிலம் முழுதுக்குமாக விரிந்தது. முப்பத்தோராயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளியிலேயே வேகிறது. பிள்ளைகளின் பசி, வருகை என்றுதான் அரசு இதைப் பற்றிப் பேசுகிறது. காலை ஏழு மணிக்கு அடுப்பை விட்டு நடவுக்குக் கிளம்ப வேண்டிய தாயிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வாள். கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் அதே 2023இல், சமைத்தவர் தலித் பெண் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். 1937இன் பந்தி இன்னும் கலையவில்லை.

சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமைக்கும் ஒருவரிடம், ஆறு மணிக்கு இங்கே வந்துவிடுகிறீர்களே, உங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு யார் செய்வது என்று கேட்டேன். “நாந்தான். நாலு மணிக்கு எந்திரிச்சு வச்சிட்டு வந்துடுவேன். கவருமெண்டு மிக்ஸி சத்தம் கேட்டா அவுருக்குத் தூக்கம் போயிடும். அதான் சட்னிய மட்டும் ராத்திரியே அரைச்சு வச்சிடுறது” என்றார்.